புள்ளி இருந்த இடம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குப் பெயர் கிடையாது. நாலாம் நம்பர் என்பார்கள். கொஞ்சம் அவசரம் என்றால் வெறும் நாலு.

எழுபதுகளின் நடுவில் திருச்சியில் கம்ப்யூட்டர் இருந்த இடங்கள் ரொம்பக் குறைவு. அப்படி ஒரு ஆபீசின் பஞ்சிங் ரூமில் நான் இருந்தேன். வரிசையாக மிஷின்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பெண். நாலாவது மிஷினில் உட்கார்ந்ததால் நான் நாலு. எங்கள் சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான், ஆனால் ஆளைப் பார்க்காமல் மிஷினைப் பார்த்துக் கூப்பிட்டுப் பழகிவிட்டார். ஐந்தாம் நம்பர் கல்யாணம் செய்துகொண்டு கும்பகோணம் போனாள். மறுவாரம் வந்த புதுப் பெண் அன்றைக்கே அஞ்சு ஆகிவிட்டாள். அழைப்பிதழ் வந்த பிறகுதான் பழைய அஞ்சுவின் முழுப்பெயரே எங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்தது.

எங்கள் வேலை இதுதான். புரோகிராம் எழுதுகிறவர்கள் மாடியில் இருப்பார்கள். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதி அனுப்புவார்கள். அதைப் பார்த்து நாங்கள் அடித்தால், கெட்டி அட்டையில் பொடிப்பொடியாக ஓட்டை விழும். ஒரு வரிக்கு ஒரு அட்டை. அவர்கள் எழுதிய கம்ப்யூட்டர் பாஷைக்குக் கோபோல் (COBOL) என்று பெயர், எங்கள் வாயில் அது கோபால். "இன்னைக்குக் கோபால் கட்டு நிறைய வந்திருக்கு" என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவது போலப் பேசிக்கொள்வோம். தாளில் இருப்பதை அப்படியே அடிக்க வேண்டும் என்பது சட்டம். தப்பென்று தெரிந்தாலும் கை வைக்கக் கூடாது. "உங்களுக்கு விரல் மட்டும்தான் இருக்கு, மத்ததெல்லாம் மாடியில இருக்குன்னு நெனச்சுக்கங்க" என்பார் சூப்பர்வைசர். எனக்கு அப்போதே வாய் கொஞ்சம் நீளம். "சரிங்க சார், தலையை வீட்டிலேயே வச்சுட்டு வரேன்" என்று ஒருநாள் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கோபாலில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு புள்ளியில் முடிய வேண்டும். புள்ளி ஒன்று விட்டுப்போனால் போதும், கம்ப்யூட்டர் பக்கம் பக்கமாகத் தப்பு என்று அச்சடித்துத் தள்ளும். மாடியிலிருந்து வந்த தாள்களில் ஒரு கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். ஆனால் அந்த ஆள் புள்ளி வைக்க மறப்பார். யோசனை அடுத்த வரிக்கு ஓடிவிடும் போலிருக்கிறது. ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. விட்ட இடங்களில் எல்லாம் நானே புள்ளி வைத்து அடித்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அவர் கீழே இறங்கி வந்தார். மாடிக்காரர்கள் பஞ்சிங் ரூமுக்கு வருகிற வழக்கமே கிடையாது. கையில் அந்தக் கட்டு.

"இதை அடிச்சது யாரு?"

"நாலு" என்றார் சூப்பர்வைசர்.

"நாலுன்னா? அவங்களுக்குப் பேரு இல்லையா?"

நான் எழுந்து நின்று பெயரைச் சொன்னேன். அவர் அதை ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்தார், சரியாகக் காதில் விழுந்ததா என்று பார்ப்பவரைப் போல. "நான் விட்ட புள்ளியெல்லாம் நீங்க வச்சிருக்கீங்க" என்றார். வேலை போயிற்று என்று நினைத்தேன். "இனிமேலும் வைங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

அவரைத்தான் கட்டிக்கொண்டேன். புள்ளி வைக்க ஒரு ஆள் வேண்டும் என்றுதான் கல்யாணம் செய்துகொண்டார் என்று ரொம்ப நாள் அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவர் என்னைக் கூப்பிடுவது மட்டும் அந்த வீட்டில் பெரிய பேச்சு. மற்ற வீடுகளில் ஆண்கள் "இந்தா" என்பார்கள், இல்லையென்றால் பிள்ளையின் பெயரைச் சொல்லி அம்மாவைக் கூப்பிடுவார்கள். இவர் முழுப் பெயரையும் ஒரு எழுத்து விடாமல் சொல்வார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடும். "உங்க வீட்டுக்காரர் என்ன, உன் பேரை ஏலம் போடறாரா?" என்று வீட்டுக்கார அம்மாள் கேட்பார். எனக்கு உள்ளுக்குள் பெருமை. வெளியே, "கொஞ்சம் மெதுவாக் கூப்பிடுங்களேன், மானம் போகுது" என்பேன்.

அட்டைக் காலம் முடிந்தது. பஞ்சிங் ரூமை மூடினார்கள். நான் வேலையை விட்டுவிட்டுத் தெப்பக்குளம் பக்கம் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கப் போனேன். அவர் துவாக்குடி ரோட்டில் குழாய் வளைத்துக் கொடுக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே இருந்தது மேஜை மேல் வைக்கிற கம்ப்யூட்டர். புரோகிராம் எழுத இவர் ஒருவர்தான். எழுதியதை அடித்துக் கொடுக்கக் கீழ்மாடியில் பெண்கள் யாரும் இல்லை. இவரேதான் அடிக்க வேண்டும்.

இரண்டு ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு கோழி கொத்துவது போல அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அது அவமானமாக இருந்தது. பத்து விரலுக்குப் பேர் போன ஒருத்தியின் புருஷன் இப்படி அடிக்கலாமா? ஞாயிற்றுக்கிழமைகளில் இன்ஸ்டிட்யூட் சாவியை வாங்கிக்கொண்டு அவரைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தேன். மற்ற மாணவர்களுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான் அவருக்கும். கீபோர்டைக் குனிந்து பார்த்தால் ஸ்கேலால் ஒரு தட்டு. நன்றாகவே பிடித்துக்கொண்டார். வலது சுண்டுவிரல் மட்டும் கீயை முழுதாக அழுத்தவில்லை. எழுத்து பாதி மையில் விழுந்தது.

"சுண்டுவிரலுக்கு என்ன சோம்பேறித்தனம்?" என்றேன்.

"அது உன்கிட்ட பயந்துக்கிட்டு இருக்கு" என்றார்.

கொஞ்ச மாதத்தில் சட்டைப் பித்தான் போடத் தடுமாறினார். செருப்பு கால் விரலில் நிற்காமல் நழுவியது. உள்ளூர் டாக்டர் வைட்டமின் ஊசி போட்டார். பிறகு மெட்ராஸ் போனோம். அங்கே டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். தசைக்குப் போகிற நரம்பெல்லாம் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்தும். கை போகும், கால் போகும், பேச்சு போகும். கண்ணும் புத்தியும் அப்படியே இருக்கும். மருந்து கிடையாது. நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. ரயில் விழுப்புரம் தாண்டும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஸ்டோர்ஸ் புரோகிராமை நான் முடிச்சிடணும்" என்றார்.

கம்பெனியில் என்னென்ன குழாய், என்னென்ன வால்வு எவ்வளவு இருக்கிறது, எந்த வேலைக்கு எது போயிற்று என்று கணக்குப் பார்க்கிற புரோகிராம் அது. முதல் தடவையாக ஒரு வேலையை ஆரம்பத்திலிருந்து முழுக்கத் தன் யோசனைப்படி செய்துகொண்டிருந்தார். பழைய ஆபீசில் எல்லாம் யாரோ போட்ட கோட்டின் மேல் எழுதுவதுதான். இது மட்டும் தன்னுடையது என்று அவருக்கு ஒரு நினைப்பு. அதைத் தன் கையால் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. ஒரு மனிதன் சாகப்போகிறான் என்று தெரிந்த அன்றைக்குக் குழாயையும் வால்வையும் நினைப்பானா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. என்னை நினைக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருப்பேன் போல.

"நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்" என்றேன். அதுதானே எங்கள் பழைய ஏற்பாடு?

இரண்டு நாள் முயற்சி செய்தோம். மூன்றாம் நாள் சண்டை வந்தது. "சொல்ல ஆரம்பிச்சா ஓடிப்போயிடுது. விரல் தட்டுறப்பதான் வருது. உன்கிட்டச் சொல்லிச் சொல்லி முடிச்சா அது நீ எழுதினது மாதிரி ஆயிடும்" என்றார். எனக்குக் கோபம் வந்தாலும் புரிந்தது. நானும் விரலால் யோசிக்கிறவள்தான். ஒரு வார்த்தைக்கு என்ன எழுத்து என்று யாராவது திடீரென்று கேட்டால் மேஜையில் தட்டிப் பார்த்துத்தான் சொல்வேன்.

முதலாளி நல்ல மனதுக்காரர். கம்ப்யூட்டரை வேனில் ஏற்றி வீட்டுக்கே அனுப்பிவிட்டார். ஜன்னலோரம் மேஜை போட்டு வைத்தோம். ராஜகோபுரத்துக்குச் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் ஓட்டுக்கு மேலே சாரம் தெரியும்.

கீபோர்டை மாற்றலாம் என்று சொன்னது நான். சாத்தியம் என்று சொன்னது அவர். எந்தக் கீயைத் தட்டினால் எந்த எழுத்து வர வேண்டும் என்று சின்னதாக ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டால், மிஷின் போட்டவுடன் அதைப் படித்து அதன்படி நடக்குமாம். எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. வருஷக்கணக்காகப் பிள்ளைகளை ஸ்கேலால் தட்டித் தட்டி ஒரே வரிசையைச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த வரிசையை நான் குறை சொல்ல முடியும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. இப்போது பார்த்தால் ஏகப்பட்ட குறை. ஓயாமல் தேவைப்படுகிற ஏ என்ற எழுத்தைக் கொண்டுபோய் இருப்பதிலேயே நோஞ்சானான சுண்டுவிரலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆள்காட்டி விரல் தடியன் மாதிரி இருக்கிறான், அவனுக்கு அடியில் அதிகம் வேண்டாத எழுத்து.

அவருடைய பழைய புரோகிராம் தாள்களை எல்லாம் தரையில் பரப்பி, சிவப்புப் பென்சிலை வைத்துக்கொண்டு எந்த எழுத்து அடிக்கடி வருகிறது என்று பார்த்தேன். எந்த விரலுக்கு எவ்வளவு தெம்பு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தினமும் பிடித்துவிடுகிறவள் நான்தானே. இரண்டு கையிலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நன்றாக இருந்தன. முக்கியமான எழுத்துகளை எல்லாம் அவற்றின் கீழே கொண்டுவந்தேன். வார்த்தைகளைச் சேர்க்கிற சின்னக் கோடு கோபாலில் நிறைய வரும், அதுவும் பக்கத்திலேயே. கோபாலுக்குப் பெரிய எழுத்து மட்டும் போதும், அதனால் இரண்டு கீயைச் சேர்த்து அழுத்துகிற வேலையே இல்லாமல் செய்தோம். எல்லாவற்றிலும் நல்ல இடம் இடது கை ஆள்காட்டி விரல் சும்மா கிடக்கிற இடம். அதைப் புள்ளிக்குக் கொடுத்தேன்.

"இந்தத் தடவையாவது மறக்காம வைங்க" என்றேன்.

வேண்டாத எழுத்துகள் என்று நாலைந்து மிச்சம் நின்றன. அவற்றை எண்கள் இருக்கிற மேல்வரிசையின் மூலையில் தள்ளினேன். அதில் ஒன்று ஜே. என் பெயர் ஆரம்பிக்கிற எழுத்து.

அவர் தயங்கினார். "இது உன் எழுத்தாச்சே."

"கோபாலுக்கு நான் எதுக்குங்க? நீங்க என்னைக் கூப்பிட வீடு பூரா இருக்கே" என்று சொல்லி மூலையில் போட்டேன்.

மருந்துக் கடையில் பிளாஸ்டர் வாங்கி வந்து, சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு கீயின் மேலும் ஒட்டிப் புது எழுத்தைப் பேனாவால் எழுதினேன். வேர்வையில் எழுத்து கலைந்துவிடும். வாரம் ஒருமுறை புதிதாக ஒட்டுவேன். அடிபட்டவனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது அந்தக் கீபோர்டு. நானும் கூடவே அதில் பழகினேன், இல்லாவிட்டால் அவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த வரிசை அது.

வேலை நடந்தது. அந்த மாதங்கள் சந்தோஷமாகவே இருந்தன என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கரண்ட் போய் அடித்தது எல்லாம் அழிந்துபோனால் இருவருமாகச் சேர்ந்து மின்சார வாரியத்தைத் திட்டுவோம். மாலையில் எவ்வளவு முடிந்தது என்று சொல்வார். ஆனால் விரல்கள் நிற்கவில்லை. மோதிர விரல் போனது, வரிசையை மாற்றினோம். வலது கை முழுக்கப் போனது, எல்லாவற்றையும் இடது பக்கத்துக்குக் கொண்டுவந்தோம். ஒவ்வொரு தடவையும் நான் பழைய பிளாஸ்டரை உரிப்பேன், புதிதாக ஒட்டுவேன். முதல் தடவை ஒட்டியபோது பேசிச் சிரித்துக்கொண்டு ஒட்டினேன். அப்புறம் அப்புறம் பேச்சு இல்லாமல் ஒட்டினேன். புள்ளியை மட்டும் கடைசிவரை அந்த ஆள்காட்டி விரலின் கீழிருந்து நான் எடுக்கவில்லை.

பிறகு நாக்கு குழறியது. முதலில் நான் மட்டும் புரிந்துகொண்டேன், பிறகு எனக்கும் புரியவில்லை. என் பெயர்தான் கடைசியாகப் போனது. அதில் பாதி, அப்புறம் முதல் எழுத்தின் சத்தம் மட்டும், அப்புறம் வெறும் மூச்சு.

கோபாலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வரியின் ஏழாவது இடத்தில் நட்சத்திரம் போட்டுவிட்டால் அந்த வரியை மிஷின் படிக்காது. மனிதர்கள் படித்துத் தெரிந்துகொள்ள எழுதி வைக்கிற வரி அது. அவர் அந்த வரிகளில் என்னோடு பேச ஆரம்பித்தார். வால்வு கணக்குக்கு நடுவே ஒரு நட்சத்திரம், பிறகு ஆங்கில எழுத்தில் தண்ணி. இன்னும் நாலு வரி தள்ளி ஒரு நட்சத்திரம், ஜன்னலைச் சாத்து. நான் பின்னால் நின்று படிப்பேன். படித்து முடித்ததும் அழித்துவிட்டுப் புரோகிராமைத் தொடர்வார். சிலதை அழிக்காமலும் விட்டிருக்கிறார். நல்ல ரசம் என்று ஒரு வரி ரொம்ப நாள் அங்கேயே கிடந்தது.

எல்லாம் வந்தது, என் பெயர் மட்டும் வரவில்லை. மூலையில் கிடந்த அந்தக் கீக்குக் கையை நகர்த்துகிற தெம்பு அவரிடம் இல்லை. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் ஏதாவது ஒரு கீயைத் தட்டுவார், நான் போவேன். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை என்றுதான் காட்டிக்கொண்டேன். ஒருநாள் சாதம் ஊட்டிக்கொண்டிருக்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "மிஷினைத் தட்டினா வரணும். மறுபடியும் நாலாம் நம்பர் ஆயிட்டேன் பாத்தீங்களா?" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வாயிலிருந்த சாதத்தை விழுங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மருந்து வாங்கச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போக வேண்டியிருந்தது. வீட்டுக்கார அம்மாளைத் துணைக்கு உட்காரச் சொல்லிவிட்டுப் போனேன். பாலத்தில் பஸ் நின்று நின்று வந்ததில் திரும்ப நேரமாகிவிட்டது. "மத்தியானம் பூரா உங்க வீட்டுக்காரர் தட்டிக்கிட்டே இருந்தாரும்மா. கஞ்சியைக் கொண்டாந்தா வேணாங்கறாரு. என்னமோ பெரிய வேலை போலிருக்கு" என்றார் அம்மாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம்தான் பாக்கி என்று போன வாரம்தான் ஒரு நட்சத்திர வரியில் எழுதியிருந்தார். முடித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

பக்கத்தில் போய் உட்கார்ந்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே திரையைப் பார்த்தேன். கடைசி வரி புள்ளி இல்லாமல் நின்றது. வழக்கம்போல மறந்துவிட்டார் என்று நானே கையை நீட்டிப் புள்ளியைத் தட்டினேன். ஜே விழுந்தது.

மறுபடி தட்டினேன். மறுபடியும் ஜே.

"மிஷின் கெட்டுடுச்சா?" என்றேன்.

இல்லை என்று கண்ணால் சொன்னார். தன் விரலை மெதுவாக அழுத்தினார். ஒரு ஜே. என்னைப் பார்த்தார். இன்னொரு ஜே. மறுபடி என்னைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்தது. அந்த மத்தியானம் முழுவதும் ஒரே விரலை வைத்துக்கொண்டு அந்தச் சின்ன ஃபைலைத் திறந்து, தேடி, இரண்டே இரண்டு எழுத்தை இடம் மாற்றியிருக்கிறார்.

"அப்ப புள்ளி எங்க?"

கண்ணை மூலைக்குக் கொண்டுபோனார். நான் இருந்த மூலைக்குப் புள்ளி போயிருந்தது.

"அங்க உங்க கை போகாதேங்க. புள்ளி இல்லாம புரோகிராமை எப்படி முடிப்பீங்க?"

கேட்டு முடித்த பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்பது எனக்கே காதில் விழுந்தது. அவர் ஒரு நட்சத்திரம் போட்டார். ரொம்ப நேரம் எடுத்து ஒரு வார்த்தை அடித்தார். போதும்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவு நாள் எதற்காகப் பிளாஸ்டர் வெட்டினேன்? எதற்காக விரலைப் பிடித்துவிட்டேன்? அந்தப் புரோகிராம் முடியாதவரை இவருக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குள்ளே நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். இவர் அதைக் கேட்காமல் கொள்ளாமல் கலைத்துவிட்டார்.

"எனக்குப் பேரு வேணாம்" என்று கத்தினேன். "நாலாம் நம்பரே போதும். நான் என்னைக்கு உங்ககிட்டப் பேரு கேட்டேன்? நீங்க உங்க வேலையை முடிங்க."

கீபோர்டை என் பக்கம் இழுத்து அந்த ஃபைலைத் திறந்தேன். அவருக்கு ஒரு மத்தியானம் பிடித்த வேலை எனக்கு ஒரு நிமிஷம். பாதியில் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைத் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்கு ரயிலில் பார்த்துக்கொண்டு வந்த மாதிரி. என்னால் அதற்கு மேல் அடிக்க முடியவில்லை. எதையும் மாற்றாமல் அப்படியே மூடிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அதன் பிறகு அவர் ஸ்டோர்ஸ் புரோகிராமைத் தொடவில்லை. வெறும் ஃபைல் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார். கீயை அழுத்திக்கொண்டே இருந்தால் வரி முழுக்க ஜே ஜே என்று ஓடி, வரி நிரம்பியதும் மிஷின் கீச்சென்று கத்தும். அடுக்களையில் எனக்கு அது கேட்கும். "வரேன் வரேன்" என்று பதில் கொடுப்பேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் ஒன்றும் வேண்டியிருக்காது. சும்மா கூப்பிட்டிருப்பார். எல்லா நாளும் நான் உருகிப்போய் நின்றேன் என்று சொல்லமாட்டேன். பால் பொங்குகிற நேரத்தில் கூப்பிட்டால், "ஒரு வேலை செய்ய விடறீங்களா மனுஷியை?" என்று கத்தியும் இருக்கிறேன். அதற்கு அவர் கண்ணில் ஒரு சிரிப்பு வரும். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஏலம் போட்ட ஆள்தானே.

கடைசியில் அந்த விரலும் களைத்துவிட்டது. வரி நிரம்பாது. பாதியிலேயே நின்றுவிடும், மிஷின் கத்தாது. அதனால் நான் அடுக்களை வேலையைக் குறைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்தேன். ஒரு எழுத்து விழும். "இருக்கேன்" என்பேன். வெகு நேரம் கழித்து இன்னொன்று விழும். "இங்கதான் இருக்கேன்."

ஆவணியில் ஒரு காலை அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கம்பெனியிலிருந்து கம்ப்யூட்டரை எடுத்துப்போக வந்தார்கள். அவருடைய இடத்துக்குப் புதிதாக வந்திருந்தவரும் கூட வந்தார். எங்கள் வயதுக்காரர்தான், மரியாதையாக நடந்துகொண்டார். எடுப்பதற்கு முன்னால் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்வதாகச் சொல்லி உட்கார்ந்தார். ஒன்று அடிக்க நினைத்தால் வேறொன்று விழுந்தது. பிளாஸ்டரை உற்று உற்றுப் பார்த்தார். நான் பின்னால் நின்று, எதைத் தட்டினால் எது வரும் என்று சொன்னேன்.

ஸ்டோர்ஸ் புரோகிராமைத் திறந்து ரொம்ப நேரம் மேலும் கீழும் பார்த்தார். "பிரமாதமா எழுதியிருக்கார் மேடம். இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. நான் முடிச்சிடுவேன்" என்றார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அவரைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போலவும் இருந்தது. "நல்ல ரசம்னு ஒரு வரி இருக்கே, அது எந்தக் கணக்கு?" என்று கேட்டார். அது இருக்கட்டும், மிஷின் அதைப் படிக்காது என்றேன்.

பிறகு அவர் கடைசி ஃபைலைத் திறந்தார். பக்கம் பக்கமாக நகர்த்திப் பார்த்தார்.

"ஒரு கீ ஒட்டிக்கிச்சு போலிருக்கு மேடம். ஒரே எழுத்தா ஓடியிருக்கு. வேற ஒண்ணுமே இல்ல. இதை அழிச்சிடட்டுமா?"

"ஒட்டிக்கல சார்" என்றேன். "அது என் பேரு."

அவர் கையை எடுத்துக்கொண்டார். கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். ஃபைலின் கடைசிக்குப் போனேன். முழு வரிகள் போய், பாதி வரிகள் போய், கடைசி வரியில் ஒரே ஒரு ஜே தனியாக நின்றது. அதை அடுத்து எதுவும் இல்லை.

கையை மூலைவரைக்கும் நீட்டி ஒரு புள்ளி வைத்தேன். எழுந்து, இப்போது எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொன்னேன்.